கேம் பாய்க்கு விளக்கு போடுவதற்கு முன்

போன மாதம் கல்லூரிக் கால நண்பன் ஒருவன் ஒரு துணிப்பையோடு வீட்டுக்கு வந்தான். பைக்குள் மஞ்சளேறிய சாம்பல் நிறத்தில் ஒரு கேம் பாய், கூடவே ஒரே ஒரு கார்ட்ரிட்ஜ். அவன் சின்ன வயதில் விளையாடியது. "இதுக்குள்ள ஒரு லைட் போட்டுக் குடுடா. வீடியோல பாத்தேன், அரை மணி நேர வேலைதானாம்" என்றான். நான் ஏற்கெனவே இரண்டு கேம் பாய்களைப் பிரித்திருக்கிறேன் என்பது அவனுக்குத் தெரியும். அதில் ஒன்றைக் கெடுத்துவிட்டேன் என்பது தெரியாது.

அரை மணி நேர வேலைதான், பொய்யில்லை. ஆனால் அந்த அரை மணி நேரத்தில் ஒரு கட்டத்தில் திரையின் முதுகில் இருக்கும் வெள்ளிப் படலத்தை உரித்தாக வேண்டும். உரித்ததைத் திரும்ப ஒட்ட வழி கிடையாது. அதனால் அன்றைக்கு ஸ்க்ரூடிரைவரை எடுக்காமல், உள்ளே என்ன இருக்கு, எதை மாத்தினா எது போகும் என்று அவனுக்கு ஒரு மணி நேரம் பாடம் எடுத்தேன். டீயைக் குடித்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டான். சொன்னதை ஒழுங்காக எழுதி வைத்துக்கொள்ளலாமே என்றுதான் இந்தக் குறிப்பு. இங்கே 'கேம் பாய்' என்றால் முதல் மாடல், அதாவது டிஎம்ஜி-01. டிஎம்ஜி என்பது 'டாட் மேட்ரிக்ஸ் கேம்' என்பதன் சுருக்கம். பின்னால் வந்தவற்றைத் தேவைப்படும்போது மட்டும் தொட்டுக்கொள்கிறேன்.

முதல் கேள்வியே இதுதான்: விளக்கு ஏன் இல்லை?

1989 ஏப்ரல் 21 அன்று ஜப்பானில் கேம் பாய் விற்பனைக்கு வந்தது. விலை 12,500 யென். அதே ஆண்டு அமெரிக்காவில் அடாரி நிறுவனம் லிங்க்ஸ் என்ற கையடக்க கன்சோலை இறக்கியது. அதில் வண்ணத் திரை, பின்னால் விளக்கு, எல்லாம் இருந்தது. விலை கேம் பாயைப் போல இரண்டு மடங்கு. அடுத்த ஆண்டு சேகாவின் கேம் கியர் வந்தது. அதுவும் வண்ணம், அதுவும் விளக்கு. இவற்றின் பக்கத்தில் கேம் பாயை வைத்தால் பரிதாபமாக இருக்கும். பச்சைப் பாசி நிறத்தில் ஒரு திரை, நாலே நாலு சாயல், ஜன்னலோரமாகப் போய் உட்கார்ந்தால்தான் தெரியும்.

ஆனால் பேட்டரிக் கணக்கைப் பாருங்கள். கேம் பாய்க்கு நாலு ஏஏ பேட்டரி. மின்செலவு சுமார் 0.7 வாட். ஒரு ஆல்கலைன் ஏஏ பேட்டரியில் தோராயமாக 2.5 வாட்-மணி சக்தி இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் நாலுக்கும் சேர்த்து 10 வாட்-மணி. 10-ஐ 0.7-ஆல் வகுத்தால் 14 மணி நேரம். நடைமுறையிலும் ஏறத்தாழ அதுதான், சில ஆட்டங்களில் இன்னும் கூடுதலாகவே ஓடும். லிங்க்ஸுக்கும் கேம் கியருக்கும் ஆறு ஏஏ பேட்டரி போட வேண்டும், அதுவும் நாலைந்து மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அன்றைக்கு வெள்ளை எல்இடி கிடையாது. பின்விளக்கு என்றால் நம் வீட்டு டியூப்லைட்டின் குட்டி வடிவம் ஒன்றை உள்ளே வைத்து, அதற்கு உயர் மின்னழுத்தம் கொடுக்க வேண்டும். பேட்டரியில் பெரும்பங்கை அதுவே குடித்துவிடும்.

கேம் பாயை உருவாக்கிய நிண்டெண்டோ குழுவின் தலைவர் குன்பெய் யோகோய். பொறியியல் பக்கத்தைக் கவனித்தவர் சடோரு ஒகாடா. யோகோய்க்கு ஒரு கொள்கை உண்டு. புத்தம் புதுத் தொழில்நுட்பத்தின் பின்னால் ஓடாதே. பழசாகி, விலை இறங்கி, அதன் குறை நிறை எல்லாம் தெரிந்துபோன 'வாடிய' தொழில்நுட்பத்தை எடு. அதை யாரும் யோசிக்காத இடத்தில் பயன்படுத்து. 1980-ல் அவர் செய்த கேம் & வாட்ச் அப்படிப் பிறந்ததுதான், கால்குலேட்டரில் இருந்த எல்சிடியை விளையாட்டுக்குக் கொண்டுவந்தார். கேம் பாயின் திரையும் அதே வழிதான். விளக்கில்லாதது மறதியோ கஞ்சத்தனமோ இல்லை. விலை, எடை, பேட்டரி எல்லாவற்றையும் அந்த ஒரு முடிவுதான் தாங்கிக்கொண்டிருக்கிறது. அதைக் கையால் தொடும்போது மற்றதெல்லாம் ஆடும். கேம் பாய் மாற்றங்கள் பற்றி நான் புரிந்துகொண்டது மொத்தமும் இந்த ஒரு விஷயத்தில் அடங்கிவிடும்.

சரி, பிரிப்போம். பின்பக்கம் ஆறு திருகுகள், இரண்டு பேட்டரி அறைக்குள் ஒளிந்திருக்கும். மூன்று இதழ் கொண்ட தலை. சாதாரண ஸ்க்ரூடிரைவர் ஏறாது. ட்ரைவிங் பிட் என்று கேட்டால் கிடைக்கும். கத்தி முனையை வைத்துத் திருகிப் பார்க்க வேண்டாம், தலை மொழுங்கிவிட்டால் டிரில் போட்டுத்தான் எடுக்க வேண்டி வரும்.

உள்ளே இரண்டு பலகைகள். பின்பாதியில் மதர்போர்டு: அதில்தான் ஷார்ப் நிறுவனம் செய்த சிப், 8 கேபி வேலை நினைவகம், 8 கேபி காட்சி நினைவகம், கார்ட்ரிட்ஜ் செருகும் இடம். முன்பாதியில் திரை, பொத்தான்கள், ஸ்பீக்கர். இரண்டையும் இணைப்பது 21 கம்பி கொண்ட ஒரு தட்டை ரிப்பன் கேபிள். திறக்கும்போது புத்தகம் விரிப்பது மாதிரி மெதுவாக விரிக்கணும். அவசரப்பட்டு இழுத்தால் ரிப்பன் கையோடு வந்துவிடும்.

மதர்போர்டின் சிப் 4.19 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 8-பிட் சிப். இன்டெல் 8080-க்கும் சைலாக் இசட்80-க்கும் நடுவில் நிற்கும் ஒரு கலப்பு இனம். படத்தைப் புள்ளி புள்ளியாக வரையும் அளவுக்கு அதற்குத் தெம்பு கிடையாது. 8-க்கு 8 புள்ளி கொண்ட சின்னச் சின்ன ஓடுகளாகப் படத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, எந்த ஓடு எங்கே என்று மட்டும் சொல்லும். மிச்சத்தை அதே சிப்பில் இருக்கும் காட்சிப் பகுதி பார்த்துக்கொள்ளும். திரையில் 160-க்கு 144 புள்ளி, அதாவது 20-க்கு 18 ஓடுகள். நகரும் உருவங்கள் அதிகபட்சம் 40. அதிலும் ஒரே வரிசையில் 10-க்கு மேல் வந்தால் பதினொன்றாவது காணாமல் போகும்.

ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டு பிட், ஆகவே நாலு சாயல். இந்த இரண்டு பிட்டும் இரண்டு கம்பிகள் வழியாக ரிப்பனில் முன்பக்கம் போகின்றன. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலைக்கு ஆகும்.

இப்போது திரை. எல்சிடி எப்படி வேலை செய்கிறது என்பதற்குப் பள்ளிக்கூட இயற்பியலில் வரும் தளவிளைவு போதும். கண்ணாடிக்கு முன்னால் ஒரு போலரைசர் படலம், பின்னால் ஒன்று. நடுவில் திரவப் படிகம். மின்னழுத்தம் கொடுத்தால் படிகத்தின் முறுக்கு மாறும், ஒளி பின் படலத்தைத் தாண்டுமா தாண்டாதா என்பது அதனால் தீர்மானமாகும். கேம் பாயில் பின் படலத்தோடு ஒரு வெள்ளிப் பூச்சும் சேர்ந்து ஒட்டப்பட்டிருக்கிறது. வெளி வெளிச்சம் முன்னால் நுழைந்து, வெள்ளியில் பட்டு, வந்த வழியே திரும்பி நம் கண்ணுக்கு வருகிறது. வெயிலில் கேம் பாய் திரை அத்தனை அழகாகத் தெரிவதற்கும், கட்டிலில் படுத்துக்கொண்டு விளையாட முடியாததற்கும் காரணம் இதே வெள்ளிதான்.

இன்னொன்றும் உண்டு. இன்றைய திரைகளில் ஒவ்வொரு புள்ளிக்கும் தனி டிரான்சிஸ்டர் இருக்கும். கேம் பாயில் கிடையாது. 144 குறுக்கு வரிசைகள், 160 நெடுக்கு வரிசைகள். ஒரு நேரத்தில் ஒரு குறுக்கு வரிசைக்கு மட்டுமே மின்சாரம். அதாவது ஒரு புள்ளிக்கு 144-ல் ஒரு பங்கு நேரம்தான் சாப்பாடு. மிச்ச நேரமெல்லாம் பட்டினி. வேகமாக மாறும் திரவமாக இருந்தால் தன் முறை மறுபடி வருவதற்குள் புள்ளி மங்கிவிடும். அதனால் வேண்டுமென்றே மந்தமான திரவம் தேவைப்பட்டது. வினாடிக்கு கிட்டத்தட்ட 60 படம் வருகிறது, திரவமோ முந்தின படத்தையே இன்னும் விட்டு முடிக்கவில்லை. ஓடுகிற உருவத்துக்குப் பின்னால் நிழல் வால் மாதிரி இழுபடுவது அதனால்தான். எல்லோரும் இதைக் குறை என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

விளக்கு போடும் பழைய முறை இப்படி. முன்பாதியில் இருந்து திரையை எடுத்து, முதுகில் இருக்கும் வெள்ளிப் படலத்தை ஓரத்திலிருந்து மெல்லிய பிளேடால் கிளப்பி உரிக்க வேண்டும். போலரைசரும் அதோடு வந்துவிடும். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பசையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து எடுக்க வேண்டும். பிறகு புதுப் போலரைசர் துண்டு ஒன்றையும், அதற்குப் பின்னால் எல்இடி பொருத்திய வெள்ளைத் தகடு ஒன்றையும் செருகி, இரண்டு கம்பிகளை மின்சாரத்துக்குச் சால்டர் செய்ய வேண்டும். அவ்ளோதான்.

என் இரண்டாவது கேம் பாயில் நான் கோட்டைவிட்டது இங்கேதான். பிளேடைக் கொஞ்சம் அதிகமாக உள்ளே விட்டேன். 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். கண்ணாடியின் மூலையில் முடி மாதிரி ஒரு விரிசல். அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை, மறுநாள் அந்த மூலையிலிருந்து கருப்பாக ஒரு கறை பரவ ஆரம்பித்தது. வாரக்கடைசிக்குள் பாதித் திரை போச்சு. அந்தத் திரை இன்று எங்கேயும் புதிதாகத் தயாராவதில்லை. ஒன்று உடைந்தால் உலகத்தில் ஒன்று குறைவு, கணக்கு அவ்வளவு எளிது.

விளக்கு மட்டும் போட்டால் படம் கழுவிவிட்ட மாதிரி வெளிறியிருக்கும். முன்பு ஒளி திரவத்தை இரண்டு முறை கடந்தது, இப்போது ஒரே முறை. அதைச் சரிசெய்ய ஒரு ஆள் யோசித்த தந்திரம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பின் போலரைசரை 90 பாகை திருப்பி வை. படம் நெகட்டிவ் ஆகிவிடும்: கருப்பு வெள்ளையாகும், வெள்ளை கருப்பாகும். ஆனால் இப்போது கருப்பு நல்ல அடர்த்தியாக விழும். இனி நெகட்டிவை மறுபடி நேராக்க வேண்டும். ரிப்பனில் போகும் அந்த இரண்டு தகவல் கம்பிகளை அறுத்து, நடுவில் ஒரு இன்வெர்ட்டர் சிப்பை வை. 74எச்சி04 என்று கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் சிப், வந்த 0-வை 1 ஆக்கும், 1-ஐ 0 ஆக்கும். 00 என்ற சாயல் 11 ஆகும், 01 என்பது 10 ஆகும். இயற்பியலில் ஒரு தலைகீழ், மின்னணுவியலில் ஒரு தலைகீழ், இரண்டும் சேர்ந்து நேர். இதற்கு 'பைவெர்ட்' என்று பேர். யோகோய் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார் என்று தோன்றும், இதைவிட வாடிய தொழில்நுட்பம் ஏது?

இப்போது பெரும்பாலானவர்கள் இந்த வழிக்கே போவதில்லை. ஐபிஎஸ் கிட் என்று ஒரு பெட்டியாக விற்கிறார்கள். பழைய திரையை மொத்தமாகத் தூக்கிவிட்டு, செல்போன் திரை மாதிரி ஒன்றை வைப்பது. மதர்போர்டு அனுப்பும் அதே இரண்டு பிட் தகவலை ஒரு சிப் பிடித்து, பெரிதாக்கி, புதுத் திரைக்கு ஏற்ற மாதிரி அனுப்பும். ஒரு பழைய புள்ளிக்குப் பதில் 3-க்கு 3 புதுப் புள்ளிகள் என்ற மாதிரிக் கணக்கு. நிறம் மாற்றலாம், வெளிச்சம் கூட்டலாம் குறைக்கலாம். பார்த்தவுடனே வாய் பிளக்கும் அளவுக்குத் தெளிவு.

கொடுக்கும் விலை இரண்டு. ஒன்று பேட்டரி: ஓடும் நேரம் பாதிக்கும் கீழே போவது சகஜம். 1989-ல் வேண்டாமென்று ஒதுக்கிய அதே செலவை நாம் இன்று மனமுவந்து ஏற்கிறோம். அதைச் சமாளிக்கச் சிலர் லித்தியம் பேட்டரியும் சார்ஜிங் போர்டும் சேர்த்துப் போடுகிறார்கள். போடலாம், ஆனால் பாதுகாப்பு சர்க்யூட் இல்லாத மலிவு லித்தியம் பையைப் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் அடைத்துப் பிள்ளைகள் கையில் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. சார்ஜ் ஏற்றும் ஏஏ பேட்டரி நாலு போட்டாலே கேம் பாய் ஒழுங்காக ஓடும், மொத்தம் 4.8 வோல்ட்தான் வரும் என்றாலும் உள்ளே இருக்கும் மின்மாற்றுப் பலகை அதை 5 வோல்ட்டுக்கு ஏற்றிக்கொள்ளும்.

இரண்டாவது விலை அந்த நிழல் வால். அந்தக் காலத்து நிரலாளர்கள் மந்தமான திரையை மனதில் வைத்தே எழுதினார்கள். ஒரு உருவத்தை ஒரு படத்தில் காட்டி, அடுத்த படத்தில் மறைத்து, மறுபடி காட்டினால் பழைய திரையில் அது பாதி ஒளி ஊடுருவும் கண்ணாடி மாதிரித் தெரியும். நாலு சாயல் மட்டுமே உள்ள இயந்திரத்தில் ஐந்தாவது சாயலைத் திருடியது மாதிரி. ஜப்பானில் மட்டும் வெளியான 'சாஸ்' என்ற விண்கல ஆட்டத்தில் பின்னணி அடுக்குகளையே இப்படித்தான் செய்திருப்பார்கள். ஐபிஎஸ் திரைக்கு மந்தம் தெரியாது. அங்கே அது வெறும் மினுமினுப்பு, கண்ணுக்கு எரிச்சல். சில கிட்களில் இதைப் போலியாகச் செய்யும் வசதி உண்டு, இரண்டு படங்களைக் கலந்து காட்டும். ஆக, ஒரு குறையை நீக்கக் காசு கொடுத்துவிட்டு, அந்தக் குறையைத் திரும்பக் கொண்டுவர இன்னொரு வசதியைத் தேடுகிறோம்.

ஒலி பற்றி அவனுக்கு நான் அதிகம் சொல்லவில்லை, அவனுக்கு அதில் ஆர்வமில்லை. எனக்கு உண்டு. கேம் பாயில் நாலு ஒலி வழிகள்: இரண்டு சதுர அலை, ஒரு இரைச்சல், இன்னொன்றில் நாமே அலையின் வடிவத்தை 32 புள்ளிகளாக எழுதிக் கொடுக்கலாம். ஸ்பீக்கர் ஒன்றே ஒன்று, ஆனால் ஹெட்போனில் ஸ்டீரியோ. 1990-களின் இறுதியில் ஜெர்மனியைச் சேர்ந்த ஆலிவர் விட்ஷோவ் 'நானோலூப்' என்ற நிரலையும், 2000-ல் ஸ்வீடனின் யோஹான் கோட்லின்ஸ்கி 'எல்எஸ்டிஜே' என்ற நிரலையும் எழுதினார்கள். இரண்டும் கேம் பாயை இசைக்கருவியாக்கின. கார்ட்ரிட்ஜில் போட்டு, பொத்தான்களை அழுத்தியே முழுப் பாட்டை அமைக்கலாம். மேடையில் வாசிப்பவர்கள் பின்னால் வந்த மாடல்களை விட்டுவிட்டு இந்த முதல் செங்கல்லையே தேடுவார்கள், இதன் அடிச்சுரம் கனமாக இருக்கும் என்பதால். அவர்கள் செய்யும் மாற்றம் மிகச் சின்னது. ஹெட்போன் வழியில் இருக்கும் பெருக்கி கொஞ்சம் இரைச்சல் சேர்க்கும். அதற்கு முன்னாலேயே, வால்யூம் திருகின் காலில் இருந்து மூன்று கம்பியை எடுத்துத் தனி ஜாக்கில் விட்டால் சுத்தமான ஒலி. எதையும் அறுக்க வேண்டாம், பிடிக்கவில்லையென்றால் கம்பியை எடுத்துவிடலாம். ஜாக்குக்குப் பெட்டியில் ஒரு ஓட்டை போட வேண்டும், அது ஒன்றுதான் தழும்பு.

இந்த மாதிரி வெளியாள் எழுதிய நிரல்கள் எப்படி ஓடுகின்றன என்று கேட்டான். நல்ல கேள்வி. கேம் பாயை இயக்கியதும் நிண்டெண்டோ பெயர் மேலிருந்து இறங்கி 'டிங்' என்று ஒலிக்குமே, அந்த நேரத்தில் சிப்புக்குள் 256 பைட் அளவே உள்ள ஒரு குட்டி நிரல் ஓடுகிறது. திரையில் இறங்கும் அந்தப் பெயரின் படம் கார்ட்ரிட்ஜில் இருந்து வாசிக்கப்படுவது. 48 பைட். அது சிப்புக்குள் இருக்கும் பிரதியோடு ஒத்துப்போனால்தான் ஆட்டம் தொடங்கும். கார்ட்ரிட்ஜ் சரியாகப் பதியாதபோது பெயருக்குப் பதில் கருப்புக் கட்டம் இறங்குவது இதனால்தான்: வாசிக்க ஒன்றும் கிடைக்கவில்லை. பூட்டு என்று பார்த்தால் இது பூட்டே இல்லை, 48 பைட்டைப் பிரதி எடுக்க யாருக்குத்தான் தெரியாது? ஆனால் பிரதி எடுத்தால் இன்னொருவரின் வணிகச் சின்னத்தை அனுமதியில்லாமல் திரையில் காட்டியதாக ஆகிவிடும். பூட்டு சிப்பில் இல்லை, சட்டத்தில். அதிலும் ஒரு ஓட்டை: அந்தக் குட்டி நிரல் படத்தை இரண்டு முறை வாசிக்கிறது, காட்டுவதற்கு ஒரு முறை, ஒப்பிடுவதற்கு ஒரு முறை. முதல் முறை தங்கள் சொந்தப் பெயரைக் கொடுத்து, இரண்டாம் முறை சரியானதைக் கொடுத்து ஏமாற்றிய கார்ட்ரிட்ஜ்கள் உண்டு.

வேலை முடிந்ததும் அந்த 256 பைட் தன்னைத் தானே மறைத்துக்கொள்ளும், பிறகு எந்த நிரலாலும் அதை வாசிக்க முடியாது. 2003-ல் ஒரு ஆர்வலர் சிப்பின் மூடியைத் திறந்து, நுண்ணோக்கியில் ஒவ்வொரு பிட்டாகக் கண்ணால் பார்த்துத்தான் அதை எழுதி எடுத்தார். நம்மில் பலர் போன் ஸ்க்ரீன் கார்டு ஒட்டவே திணறுகிறோம்.

அவன் திரையில் இன்னொரு பிரச்சினையும் இருந்தது. இடது பக்கம் மூன்று செங்குத்துக் கோடுகள் காணோம். கேம் பாய்களில் இது பொதுவான வயோதிக நோய். 160 நெடுக்கு வரிசைகளுக்கான இணைப்பு திரையின் அடியில் ஒரு ரிப்பனாக வருகிறது. அது கண்ணாடியில் சால்டர் செய்யப்பட்டதல்ல. மின்சாரம் கடத்தும் பசையால் சூடு வைத்து ஒட்டியது. ஆண்டுகள் போகப் போகப் பசை விட்டுவிடும், விட்ட இடத்தின் கோடு போய்விடும். வைத்தியம்: அந்த ரிப்பனின் மேலிருக்கும் ரப்பர் பட்டையை எடுத்துவிட்டு, குறைந்த சூட்டில் வைத்த சால்டரிங் அயர்ன் முனையை ரிப்பன் மேல் இடமிருந்து வலமாக மெதுவாகத் தேய்க்க வேண்டும். கன்சோலை இயக்கி வைத்துக்கொண்டே செய்வார்கள். கோடுகள் ஒவ்வொன்றாக உயிர் பெறுவதைப் பார்க்கலாம். சூடு அதிகமானால் ரிப்பன் உருகிவிடும். குறுக்குக் கோடு போனால் பக்கவாட்டு ரிப்பன், அது ஒதுக்குப்புறமாக இருப்பதால் கஷ்டம்.

பேட்டரி அறையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. ஆல்கலைன் பேட்டரி கசிந்தால் வருவது காரத்தன்மை கொண்ட உப்பு, அதனால் எலுமிச்சைச் சாறோ வினிகரோ பஞ்சில் தொட்டுத் தேய்த்தால் நுரைத்துக்கொண்டு போய்விடும். பிறகு ஆல்கஹாலால் துடைத்துக் காய விடணும். கார்ட்ரிட்ஜின் தங்கநிறப் பற்களுக்கும் ஆல்கஹால்தான். வாயால் ஊதுவது எல்லோரும் செய்தது, ஆனால் எச்சில் ஈரம் பற்களை அரிக்கும். மஞ்சளேறிய பெட்டியைப் பெராக்சைடில் முக்கி வெயிலில் வைத்து வெளுப்பாக்குவதும் ஒரு கலை; திட்டுத் திட்டாக வெளுக்கும் அபாயம் உண்டு, மஞ்சள் திரும்பியும் வரும். நான் அதைத் தொடவில்லை.

இப்போது கார்ட்ரிட்ஜ். அவன் கொண்டுவந்தது 1993-ல் வந்த செல்டா, 'லிங்க்ஸ் அவேக்கனிங்'. அதைப் போட்டு இயக்கியபோது அவன் சின்ன வயதில் சேமித்த ஆட்டம் அப்படியே இருந்தது. அவன் தம்பி பெயரில். அது வரைக்கும் சும்மா தலையாட்டிக்கொண்டிருந்தவன் அங்கே நிமிர்ந்து உட்கார்ந்தான். "இது எப்படி இன்னும் இருக்கு?" என்றான்.

இருக்கக் கூடாதுதான். சேமித்த ஆட்டம் இருப்பது நிரந்தர நினைவகத்தில் அல்ல. மின்சாரம் இருக்கும் வரை மட்டும் நினைவில் வைத்திருக்கும் ஒரு சிப்பில். அதற்கு மின்சாரம் தருவது உள்ளே சால்டர் செய்யப்பட்ட ஒரு நாணய பேட்டரி. கார்ட்ரிட்ஜைப் பொறுத்து சிஆர்2025 அல்லது சிஆர்1616. சிஆர்2025-ல் சுமார் 160 மில்லி ஆம்பியர்-மணி இருக்கும். சிப் தூங்கும்போது ஒரு மைக்ரோ ஆம்பியர் குடிக்கிறது என்று வைத்தால் 1,60,000 மணி நேரம், அதாவது 18 ஆண்டு. உண்மையில் அதற்கும் மேல் தாங்கியவை நிறைய. போக்கிமான் கோல்டு, சில்வர் மாதிரி உள்ளே கடிகாரம் ஓடும் கார்ட்ரிட்ஜ்கள் இன்னும் சீக்கிரம் கண்ணை மூடும். மல்ட்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன்: 3 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 2.4. பேட்டரியை மாற்ற அதைக் கழற்றிய கணத்தில் தம்பியின் ஆட்டம் போய்விடும். திரையைவிட இதுதான் அவசரம் என்று சொன்னேன், ஒத்துக்கொண்டான்.

கார்ட்ரிட்ஜை இயக்கத்தில் வைத்துக்கொண்டே பேட்டரியை மாற்றும் ஆட்களும் உண்டு, கன்சோலின் 5 வோல்ட் சிப்பைத் தாங்கிப் பிடிக்கும் என்ற நம்பிக்கையில். சால்டரிங் முனை எங்கேயாவது வழுக்கினால் கதை முடிந்தது. யுஎஸ்பி கார்ட்ரிட்ஜ் ரீடர் ஒன்றை வாங்கி, சேமித்த பகுதியைக் கணினியில் எடுத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. 8 கேபி கோப்பு, இந்தக் கட்டுரையைவிடச் சின்னது. அதை மூன்று இடத்தில் வைத்த பிறகுதான் கார்ட்ரிட்ஜைத் திறந்தேன். அதற்கு 3.8 மில்லிமீட்டர் கேம்பிட் என்ற வேறொரு ஸ்க்ரூடிரைவர் முனை வேண்டும். புதுப் பேட்டரியை நேராகச் சால்டர் செய்யக் கூடாது, வெடிக்கும். உலோகக் காதுகள் ஏற்கெனவே ஒட்டி வருவதை வாங்கணும். போட்டு முடித்து, கோப்பைத் திரும்ப எழுதி, இயக்கினால் தம்பி பெயர் அங்கேயே.

விளக்கு விஷயத்தில் கடைசியில் செய்தது இது. ஐபிஎஸ் கிட்களில் இரண்டு வகை. ஒரு வகையில் பழைய முன் பலகையில் இருந்து திரையைப் பிய்த்து எடுத்தாக வேண்டும். இன்னொரு வகையில் பொத்தான் இணைப்புகளோடு புது முன் பலகையே வரும், பழையதைத் தொடவே வேண்டாம். விலை கொஞ்சம் கூட. இரண்டாவதையும் அதற்கென்று அறுத்த ஒரு புதுப் பெட்டியையும் வாங்கச் சொன்னேன். புது முன்பாதியில் புதுத் திரை, புது ஸ்பீக்கர். பழைய முன்பாதியில் அவன் திரை, கோடுகள் சரிசெய்யப்பட்டு, வெள்ளிப் படலம் உரியாமல். மதர்போர்டு ஒன்றுதான், திருகுகளைக் கழற்றி, ரிப்பனை எடுத்து மற்றதில் செருகினால் ஆச்சு.

முதல் நாள் இரவே போன் செய்தான். படுத்துக்கொண்டு விளையாடுகிறானாம், பிரமாதமாம். மூன்றாம் நாள் மறுபடி போன். "டேய், இதுல ஒவ்வொரு கட்டமும் எண்ணுற மாதிரி தெரியுது. முன்னாடி இப்படி இல்லையே?" என்றான். பிக்சல் கட்டத்தைக் கொஞ்சம் மங்கலாக்க மெனுவில் ஒரு வசதி இருக்கிறது, அதைச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை வந்து ட்ரைவிங் ஸ்க்ரூடிரைவரைக் கடன் வாங்கிக்கொண்டு போனான். இன்னும் திருப்பித் தரவில்லை.